கேள்வி இல்லாத கட்டுரை: ஒரு கருத்தரங்க வரைவு திருந்திய விதம்

முதுகலைத் தமிழ் மாணவர் ஒருவர் கருத்தரங்குக்குத் தரும் கட்டுரை எங்கே பழுதாகிறது, அதை எந்த வரிசையில் சரிசெய்வது என்பதை ஒரே ஒரு வரைவைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே பார்க்கிறோம். இந்த வரைவு ஒரு குறிப்பிட்ட மாணவருடையது அல்ல. வகுப்புக் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் குறைகளை ஒன்றாகச் சேர்த்து அமைத்த மாதிரி. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் நெறியாளர் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

வரைவு

தலைப்பு: ‘உ.வே.சாமிநாதையரின் பதிப்புப் பணிகள்’. ஒன்பது பக்கம். முதல் பக்கம் முழுக்கத் தமிழின் தொன்மை. அடுத்த மூன்றரைப் பக்கம் வாழ்க்கை வரலாறு: 1855இல் பிறப்பு, உத்தமதானபுரம், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம், 1880இல் கும்பகோணம் கல்லூரி வேலை, சேலம் இராமசாமி முதலியாரின் சந்திப்பு. பிறகு இரண்டரைப் பக்கத்துக்குப் பதிப்பித்த நூல்களின் பட்டியல். ஒன்றரைப் பக்கம் அறிஞர்களின் பாராட்டுரைகள், மேற்கோள் குறிக்குள். கடைசி அரைப்பக்கம் முடிவுரை. எழுத்துப்பிழை அதிகமில்லை. தலைப்புகள் தடித்த எழுத்தில் உள்ளன. துணைநூற்பட்டியலில் பதினான்கு நூல்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல ஏதுமில்லை. அதுதான் சிக்கல். முன்னுரை, துணைத்தலைப்பு, மேற்கோள், முடிவுரை என்று ஆய்வுக் கட்டுரைக்குரிய உறுப்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்பது பக்கத்தையும் படித்து முடித்த பிறகு, “இதை ஏன் எழுதினீர்கள்?” என்று கேட்டால் விடை இல்லை. உ.வே.சா. பெரியவர் என்பது விடையாகாது. அது கட்டுரை தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரியும்.

குறை எங்கே இருக்கிறது

இப்படி ஒரு வரைவு வந்ததும் பலரும் முதலில் சந்திப்பிழை திருத்த உட்காருகிறார்கள். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று ஒரு நாள் போய்விடும். மறுநாள் அந்தப் பத்தியையே நீக்க வேண்டி வரும். திருத்தம் மேலிருந்து கீழாக வர வேண்டும். முதலில் கேள்வி, பிறகு கூற்றுகள், பிறகு சான்று, பிறகு பத்திகளின் வரிசை, பிறகு வாக்கியம், கடைசியில்தான் ஒற்றெழுத்து.

கேள்வி இருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. தலைப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டுப் பாருங்கள். ‘உ.வே.சாமிநாதையரின் பதிப்புப் பணிகள்?’ என்பது வாக்கியமாகவே நிற்கவில்லை. ‘பணிகள்’, ‘பங்களிப்பு’, ‘ஒரு பார்வை’, ‘ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்புகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். அவை ஒரு பரப்பைக் காட்டுகின்றன. அந்தப் பரப்பில் எதைத் தேடுகிறோம் என்று சொல்வதில்லை.

மூன்றரைப் பக்க வாழ்க்கை வரலாறு அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான். கேள்வி இருந்திருந்தால், அதற்குத் தேவைப்படாத ஒவ்வொரு வரியும் தானாகவே துருத்திக்கொண்டு தெரியும். கேள்வி இல்லாததால் எல்லாமே பொருத்தமாகத் தெரிகிறது. நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரம் (முன்னுரைப் பகுதி) நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாக ‘மற்றொன்று விரித்தல்’ என்பதைச் சொல்கிறது. விரிப்பது மற்றொன்று என்று தெரிய வேண்டுமானால், முதலில் ‘ஒன்று’ எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வரைவுக்கான கேள்வி வரைவிலேயே கிடந்தது. ஆறாம் பக்கப் பட்டியலில் சீவக சிந்தாமணி 1887 என்றிருக்கிறது. அதே 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தது. இரண்டுக்கும் நச்சினார்க்கினியர் உரை. ஒருவர் கும்பகோணத்தில் ஆசிரியர், முப்பத்திரண்டு வயது. மற்றவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராக வந்தவர், ஐம்பதைக் கடந்தவர். ஒரே ஆண்டு, ஒரே உரையாசிரியர், இரண்டு பதிப்பாசிரியர்கள். ஒப்பிட இதைவிட நல்ல இணை எளிதில் கிடைக்காது. எனவே புதிய தலைப்பு: ‘1887இன் இரு பதிப்புகள்: சுவடிகளையும் பாடவேறுபாடுகளையும் வாசகருக்குத் தெரிவித்த முறை’. கேள்வியாக்கினால்: தாம் பார்த்த சுவடிகளைப் பற்றியும் அவற்றுக்கிடையிலான வேறுபாடுகளைப் பற்றியும் இவ்விரு பதிப்பாசிரியர்களும் வாசகரிடம் எதைச் சொன்னார்கள், எங்கே சொன்னார்கள்? இரண்டு நூலையும் எடுத்து உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் விடை காணலாம். கருத்தரங்கக் கட்டுரைக்கு அந்த அளவு போதும்.

முன்னுரை

பழைய முன்னுரையின் முதல் வாக்கியம்: “கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே முன்தோன்றிய மூத்த மொழியாம் தமிழ்மொழியின் அரிய செல்வங்களைக் காத்தவர் உ.வே.சா. ஆவார்.”

இந்த வாக்கியத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் இதுபோல் தேய்ந்துபோன தொடக்கம் வேறில்லை. இந்த வரி புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில் வருகிறது. கரந்தை என்பது பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கும் போர். அங்கே ஐயனாரிதனார் சொல்வது “வாளொடு முன்தோன்றி மூத்த குடி”. பேச்சு மறக்குடியைப் பற்றியது. மொழியைப் பற்றியதன்று. மேடைகளில் ‘வாளொடு’ நழுவியது, ‘குடி’ மொழியாயிற்று. மாணவர் மூலநூலைத் திறந்திருந்தால் இந்த வரியை இங்கே எடுத்திருக்கமாட்டார். கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே, மூலத்தைப் பார்க்காமல் எழுதும் பழக்கம் வெளிப்பட்டுவிடுகிறது. சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடம் தேடியவர்களைப் பற்றிய கட்டுரை இப்படித் தொடங்குவது வேடிக்கைதான்.

முன்னுரையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் பல துறைகள் ஒரு படிவத்தைக் கொடுத்துவிடுகின்றன: ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, கருதுகோள், அணுகுமுறை, முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம், இயல் பகுப்பு. மாணவர் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதிவிடுகிறார். கருதுகோள் என்ற தலைப்பின் கீழே, “உ.வே.சா. தமிழுக்கு அரும்பணி ஆற்றியுள்ளார் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.” பொய்யாகப் போகவே முடியாத ஒன்று கருதுகோள் ஆகாது. ‘இரு பதிப்பாசிரியர்களும் நச்சினார்க்கினியர் உரையின் பாடவேறுபாடுகளைவிட மூலத்தின் பாடவேறுபாடுகளையே மிகுதியாகக் காட்டுகின்றனர்’ என்பது கருதுகோள். நூலைப் புரட்டியதும் அது உடைந்து போகலாம். உடைந்தாலும் கட்டுரை நிற்கும்.

படிவத்தைவிடச் சிறப்புப் பாயிர இலக்கணம் இங்கே கைகொடுக்கும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று நன்னூல் எட்டைச் சொல்கிறது. பெயர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, மற்றவற்றை இன்றைய கட்டுரைக்கு ஏற்ப விரித்துப் பார்க்கலாம். யாருடைய ஆய்வின் தொடர்ச்சியாக வருகிறது (வழி), எது வரை பார்க்கிறது (எல்லை), எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது (யாப்பு), எதைப் பேசுகிறது (நுதலிய பொருள்), யார் படிக்கப் போகிறார்கள் (கேட்போர்), படித்தால் என்ன கிடைக்கும் (பயன்). மாணவர்கள் அடிக்கடி மறப்பது ‘கேட்போர்’. படிப்பவர் தமிழ்த் துறையினர் என்றால் நச்சினார்க்கினியர் யார் என்று அரைப்பக்கம் விளக்க வேண்டியதில்லை. வரலாற்றுத் துறைக் கருத்தரங்கு என்றால் இரண்டு வரி வேண்டும்.

திருத்திய முன்னுரை ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. 1887இல் இரு பதிப்புகள் வந்தன என்ற செய்தியில் தொடங்கி, இவற்றைப் பற்றி முன்பு எழுதியவர்கள் எதைப் பார்த்தார்கள், எதை விட்டார்கள் என்று நான்கு வரி சொல்லி, கேள்வியை ஒரே வாக்கியத்தில் வைத்து, எல்லையைச் சொல்லி நிறுத்திக்கொண்டது. எல்லை இரண்டு வரி: முதற்பதிப்புகள் மட்டும், முகவுரை, பதிப்புரை, அடிக்குறிப்பு ஆகியவை மட்டும். வாழ்க்கை வரலாறு மூன்று வாக்கியமாகச் சுருங்கி உள்ளே போயிற்று.

ஒரு பத்தி, கண்ணருகே

பழைய வரைவின் ஐந்தாம் பக்கம்:

“தமிழ்த்தாத்தா உ.வே.சா. அவர்கள் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த சங்க இலக்கியங்கள் அனைத்தையும் ஊர் ஊராகச் சென்று தேடி அச்சேற்றினார் என்பது யாரும் மறுக்க முடியாத உண்மையாகும். அவர் இல்லையேல் இன்று சங்க இலக்கியமே இல்லை எனலாம்.”

‘அனைத்தையும்’ என்பது பிழை. ‘யாரும் மறுக்க முடியாத’ என்று எழுதிய வரியை நூலகத்தில் பத்து நிமிடத்தில் மறுத்துவிடலாம். பொதுவாக இந்தத் தொடர் வரும் இடத்தில் சான்று இருக்காது. சான்று இருந்தால் இந்தத் தொடர் தேவைப்படாது. திருத்தியது:

“எட்டுத்தொகையில் புறநானூறு (1894), ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904), பரிபாடல் (1918), குறுந்தொகை (1937) ஆகிய ஐந்தையும் உ.வே.சா. பதிப்பித்தார். பத்துப்பாட்டு முழுவதையும் 1889இல் வெளியிட்டிருந்தார். கலித்தொகையை 1887இல் அச்சிட்டவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. நற்றிணைக்கு உரையெழுதிப் பதிப்பித்தவர் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர். குறுந்தொகைக்கு 1915இலேயே சௌரிப்பெருமாள் அரங்கனாரின் பதிப்பு வந்துவிட்டது. எனவே சங்க நூற்பதிப்பைப் பலர் கைபட்ட வேலையாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.”

உ.வே.சா.வின் பெருமை இதில் குறைந்துவிட்டதா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. எட்டில் ஐந்து, கூடவே பத்துப்பாட்டு முழுவதும் என்று எண்ணிச் சொல்லும்போது ‘அனைத்தும்’ என்பதைவிட வியப்பு கூடுகிறது. கவனிக்க வேண்டியது பத்தியின் நடை. முதல் ஐந்து வாக்கியங்களில் சரிபார்க்கத்தக்க செய்தி மட்டும் உள்ளது. கடைசி வாக்கியம் அவற்றிலிருந்து எடுத்த முடிபு. ‘எனவே’ என்ற சொல் அதற்கு முன்னால் உள்ளவற்றைச் சுமந்து நிற்கிறது. ‘எனவே’, ‘ஆகவே’, ‘இதனால்’ ஆகியவற்றை அழகுக்காகப் போடும் வழக்கம் உண்டு. அவற்றைக் கோடிட்டு, முன்னால் உள்ள வாக்கியத்திலிருந்து பின்னால் உள்ளது உண்மையிலேயே பிறக்கிறதா என்று ஒவ்வோரிடத்திலும் பார்த்தால் பாதி உதிர்ந்துவிடும்.

‘தமிழ்த்தாத்தா’, ‘ஐயா’, ‘அவர்கள்’ என்பன நன்றியுரைக்கு உரியவை. கட்டுரை உடலில் முதல்முறை முழுப்பெயர், பிறகு சுருக்கம். மரியாதையை ‘பதிப்பித்தார்’ என்ற வினைமுற்றே தாங்கிக்கொள்ளும்.

மற்றவர் சொன்னதைச் சொல்லும் விதம்

பாராட்டுரைகள் நிறைந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒவ்வொரு மேற்கோளும் ‘என்று கூறுகிறார்’ என்றே முடிந்தது. கூறுகிறார், குறிப்பிடுகிறார் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வு எழுத முடியாது. தமிழில் இதற்கான வினைச்சொற்கள் ஏராளம். ஒவ்வொன்றும் எழுதுபவரின் நிலையைக் காட்டிக்கொடுக்கும். ‘சுட்டுகிறார்’ என்றால் அவர் காட்டியது அங்கே இருக்கிறது என்று நாமும் ஏற்கிறோம். ‘கருதுகிறார்’ என்றால் அது அவர் கருத்து, நாம் சற்றுத் தள்ளி நிற்கிறோம். ‘வாதிடுகிறார்’ என்றால் எதிர்வாதமும் உண்டு. ‘நிறுவுகிறார்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் அவரை மறுத்தால் அது நன்னூலின் பத்துக் குற்றங்களில் இன்னொன்றான ‘மாறுகொளக் கூறல்’, முன்பின் முரணாகச் சொல்வது. மாணவர்கள் ‘நிறுவுகிறார்’ என்பதை ‘சொல்கிறார்’ என்பதன் செந்தமிழ் வடிவமாக எண்ணிக்கொள்வது மிகப் பரவலான தவறு.

முன்னாய்வுகளைத் தொகுக்கும் பகுதியில், ‘இன்னார் இந்த நூலில் இதைச் சொன்னார், இன்னார் அந்த நூலில் அதைச் சொன்னார்’ என்று பத்து நூலை வரிசையாக அடுக்கினால் அது நூலகப் பதிவேடு. ஒவ்வொருவரிடமும் நமக்கு என்ன உறவு என்பதைச் சொல்ல வேண்டும். நன்னூல் சொல்லும் எழுவகை மதம் (மதம் என்றால் இங்கே கொள்கை) இதற்குச் சரியான கருவி: உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்தல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறிதொன்றோடு படாமல் தன் மதம் கொள்ளல். ஒவ்வொரு முன்னாய்வின் பக்கத்திலும் இந்த ஏழில் எது என்று பென்சிலால் குறியுங்கள். எல்லாம் ‘உடன்படல்’ என்றே வந்தால் இன்னும் ஆய்வு தொடங்கவில்லை.

மேற்கோள் எவ்வளவு நீளலாம்? சொல்லையே ஆராயப் போகிறோம் என்றால் முழுதாக எடுக்கலாம். செய்திக்காக மட்டும் என்றால் நம் வாக்கியத்தில் சுருக்கி, எடுத்த இடத்தைக் காட்டினால் போதும். எடுத்த மேற்கோளுக்குப் பிறகு குறைந்தது ஒரு வாக்கியமாவது நம்முடையதாக வர வேண்டும். மேற்கோளோடு பத்தி முடிந்தால், கட்டுரையாளர் எழுந்து போய்விட்டார் என்று பொருள்.

நடை

தமிழில் வினை கடைசியில் வருவதால் பெயருக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் அடைகளை ஏற்றலாம். வரைவில் இப்படி ஒரு வாக்கியம்:

“1887ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட நச்சினார்க்கினியர் உரையுடன் கூடிய பல சுவடிகளைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டுப் பதிப்பிக்கப்பட்ட சீவக சிந்தாமணியின் முகவுரையில் கூறப்பட்டுள்ள செய்திகள் ஆராயப்படுகின்றன.”

இதை இலக்கணப்படி குறை சொல்வது கடினம். ஆனால் 1887இல் வெளியிடப்பட்டது உரையா, சுவடியா, பதிப்பா? ஒப்பிட்டவர் யார்? ‘படு’ ஐந்து முறை வந்தும் செய்தவர் ஒரு முறைகூட வரவில்லை. பிரித்தால்: “சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் உ.வே.சா. வெளியிட்டார். அதற்காகப் பல சுவடிகளை ஒப்பிட்டார். அச்சுவடிகளைப் பற்றி முகவுரை தரும் செய்திகளை இப்பகுதி ஆராய்கிறது.” செயப்பாட்டு வினையை அடியோடு விலக்க வேண்டியதில்லை, செய்தவர் யாரென்று தெரியாதபோதும் அது முக்கியமில்லாதபோதும் அதுவே சரி. ஆய்வு நடை என்றாலே ‘படுகிறது’ என்று நினைப்பதுதான் தவறு.

‘எனலாம்’ தனியாகப் பேச வேண்டிய சொல். ‘-லாம்’ விகுதிக்கு இசைவுப் பொருளும் உண்டு, வாய்ப்புப் பொருளும் உண்டு. மூன்றாவதாகப் பொருளே இல்லாத ஒரு பயன்பாடு ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது. “புறநானூறு 1894இல் வெளிவந்தது எனலாம்” என்கிறது வரைவு. வெளிவந்தது, அதில் ஐயமில்லை. “அவர் இல்லையேல் சங்க இலக்கியமே இல்லை எனலாம்” என்கிறது இன்னோரிடம். இங்கே ‘எனலாம்’ மிகையான கூற்றுக்குப் போட்ட முகமூடி. உறுதியைச் சான்றின் அளவுக்கு ஏற்றவும் இறக்கவும் வேண்டும். நேரே பார்த்ததற்கு ‘உள்ளது’. பல சான்று ஒரு பக்கம் சாய்ந்தால் ‘தெரிகிறது’. ஒரே சான்று இருந்தால் ‘எனக் கருத இடமுண்டு’. ஊகம் என்றால் ‘இருக்கக்கூடும்’. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்பதை அப்படியே அழிக்கலாம். குறிப்பிடத் தகாததை யாரும் குறிப்பிடப் போவதில்லை.

இரு பதிப்பாசிரியர்களைப் பற்றிய கட்டுரையில் ‘இவர்’, ‘அவர்’ ஆபத்தானவை. நன்னூல் குற்றமாகச் சொல்லும் ‘கூறியது கூறலுக்கு’ப் பயந்து பெயரைத் தவிர்க்க வேண்டாம்; பெயரைத் திரும்பச் சொல்வது அந்தக் குற்றத்தில் சேராது. அதுபோல் ‘பாடவேறுபாடு’ என்று தொடங்கினால் கடைசி வரை அதுவே. இடையில் ‘பாடபேதம்’, ‘பிரதிபேதம்’ என்று மாற்றினால் மூன்றும் வேறு வேறோ என்று வாசகர் மயங்குவார். கதையில் அழகாகும் சொல்மாற்றம் இங்கே ‘மயங்க வைத்தல்’ என்ற குற்றம்.

ஆதாரம் காட்டுதல்

வரைவில் மிகப் பெரிய தகவல் பிழை இங்கேதான் ஒளிந்திருந்தது. மாணவர் 1887 என்று எழுதிவிட்டு, பக்க எண்ணைப் பிற்பட்ட ஒரு மறுபதிப்பிலிருந்து கொடுத்திருந்தார். சீவக சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. இருபது ஆண்டு உழைப்பு இடையில் கூடியிருக்கிறது. பிற்பதிப்பில் உள்ள குறிப்பை முதற்பதிப்பின் சிறப்பாகச் சொன்னால் ஒப்பீடே சரிந்துவிடும். மறுபதிப்புகளில் ‘முதற் பதிப்பின் முகவுரை’, ‘இரண்டாம் பதிப்பின் முகவுரை’ என்று அடுத்தடுத்து இருக்கும். தலைப்பைப் பார்க்காமல் எடுப்பதுதான் வழுக்குமிடம். ஆகவே பட்டியலில் இரண்டு ஆண்டும் வேண்டும்: முதற்பதிப்பின் ஆண்டு, கையில் உள்ள பதிப்பின் ஆண்டு. முதற்பதிப்பையே பார்க்க சென்னை உ.வே.சா. நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றிலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடலாம். ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் திட்டத்தின் இணையத்தளம் உண்டு.

பழைய நூல்களில் தமிழ் ஆண்டுப் பெயர் இருந்தால் எச்சரிக்கை வேண்டும். சர்வசித்து ஆண்டு 1887 ஏப்ரலில் தொடங்கி 1888 ஏப்ரலில் முடிகிறது. மாதம் தை, மாசி என்றிருந்தால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். ஒரே நூலுக்கு இரண்டு ஆய்வாளர் இரண்டு ஆண்டு கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் வரிசையில், தலைப்பெழுத்தைப் பின்னுக்குத் தள்ளி ‘சாமிநாதையர், உ.வே.’, ‘தாமோதரம் பிள்ளை, சி.வை.’ என்று எழுதுவது தமிழ்ப் பட்டியல்களின் வழக்கம். மேற்கோள் மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு ‘பிள்ளை, தாமோதரம்’ என்று மாற்றிவிடும். அகர வரிசையும் கணினியை நம்பிவிட முடியாதது. ஒருங்குறி (யூனிகோடு) அட்டவணையில் ‘ன’ எழுத்து ‘ந’வை அடுத்தும், ‘ற’ எழுத்து ‘ர’வை அடுத்தும் உள்ளன, மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடும். மொழி அமைப்பைத் தமிழ் என்று வைத்து வரிசைப்படுத்திய பிறகும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

கட்டுரை பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை மென்பொருள் தமிழாகவே படிக்காது. அதில் சுழியம் வந்தால் கட்டுரை தூய்மையானது என்று பொருளில்லை. ஒருங்குறிக்கு மாற்றும்போது துணைக்காலுக்குப் பதில் ‘ர’, ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒள’ என்று விழுந்துவிடும்; அவற்றைத் தேடிச் சரிசெய்யாவிட்டால் பிறகு தேடலிலும் அந்தச் சொல் அகப்படாது.

முடிவுரையும் சுருக்கமும்

பழைய முடிவுரை, “இவ்வாறு உ.வே.சா.வின் பணி போற்றத்தக்கது என்பதை இக்கட்டுரையின்வழி அறிய முடிகிறது” என்று முடிந்தது. நன்னூல் குற்றங்களில் ஒன்றான ‘சென்று தேய்ந்து இறுதல்’ (போகப் போகத் தேய்ந்து முடிவது) என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். முன்னுரையில் கேட்ட கேள்வியை எடுத்து அதன் கீழே நேர்விடையை எழுதச் சொன்னதும் முடிவுரை பன்னிரண்டு வரியில் அமைந்தது: என்ன கண்டோம், எவ்வளவு உறுதியாக, எந்த இடத்தில் கருதுகோள் பொருந்தவில்லை. புதிய மேற்கோள் எதையும் அங்கே நுழைக்கவில்லை.

ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசியாக எழுத வேண்டும், முதல் பக்கத்தில் வருவதாக இருந்தாலும். வரைவின் சுருக்கம் முன்னுரையின் முதல் பத்தியை அப்படியே வெட்டி ஒட்டியது. திருத்திய சுருக்கத்தில் ஐந்தே வாக்கியம்: பின்னணி ஒன்று, கேள்வி ஒன்று, பார்த்த நூல்களும் முறையும் ஒன்று, கண்டவை இரண்டு. திறவுச்சொற்களில் ‘தமிழ்’, ‘இலக்கியம்’, ‘பணி’ என்றிருந்தவை போய் ‘கலித்தொகை’, ‘சீவக சிந்தாமணி’, ‘பாடவேறுபாடு’, ‘முகவுரை’, ‘1887’ என்று வந்தன. ஒன்பது பக்கம் ஏழாயிற்று. பதினான்கு நூல்கள் இருந்த பட்டியலில், கட்டுரை உடலில் எங்கும் சுட்டப்படாத ஐந்து நீங்கின.